பொதுப் பூங்காவை ஃபெங் சுய் முறைப்படி நடந்து பார்ப்பது எப்படி? வாசல் முதல் இருக்கை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பூங்காவில் பத்து பெஞ்ச் காலியாக இருக்கும். நாம் நேராகப் போய் ஒன்றில் உட்காருவோம். ஏன் அது? பக்கத்தில் இருந்தது ஏன் பிடிக்கவில்லை? முதுகுப் பக்கம் மரம் இருந்ததாலா, எதிரே வெளி விரிந்திருந்ததாலா, காற்று முகத்தில் அடிக்காததாலா? இதே கேள்வியை மலை அளவிலும் ஊர் அளவிலும் கேட்டுக் கேட்டுச் சீனாவில் வளர்ந்த கலைதான் ஃபெங் சுய். பொம்மையும் மணியும் வாங்கி வீட்டில் மாட்டுவது பின்னால் வந்த பழக்கம். இந்தக் கலை முதலில் பார்த்தது நிலத்தை: மலை எங்கே நிற்கிறது, நீர் எங்கே வளைகிறது, காற்று எந்த வழியாக நுழைகிறது என்பதை. அதனால் இதைக் கற்றுக்கொள்ள அறையைவிடப் பூங்கா நல்ல இடம்.

அடிப்படை ஒன்றுதான். சீன அறிஞர் குவோ பூ (276–324) எழுதியதாகச் சொல்லப்படும், இறந்தோரை அடக்கம் செய்வது பற்றிய பழைய நூல் ஒன்று, ‘சி’ எனப்படும் ஆற்றல் காற்றில் ஏறினால் கலைந்துவிடும், நீரின் எல்லைக்கு வந்தால் நின்றுவிடும் என்கிறது. கல்லறைக்கு இடம் பார்ப்பதற்காகச் சொன்ன இந்த விதிதான் வீட்டுக்கும் ஊருக்கும் தோட்டத்துக்கும் விரிந்தது. ‘சி’ என்பதை உயிராற்றல் என்றே நம்பி நடப்பவர்கள் உண்டு. ஓரிடத்தின் காற்று, ஈரம், வெளிச்சம், ஓசை எல்லாம் சேர்ந்து உடம்பில் உண்டாக்கும் உணர்வு என்று எடுத்துக்கொண்டாலும் இந்த நடைக்கு ஒரு குறையும் வராது. நான் இரண்டாவது வழியில் நடப்பவன். எந்த வழியானாலும் பூங்காவில் தேட வேண்டியது ஒன்றுதான்: ‘சி’ கலையாமல் தங்குகிற இடம் எது?

ஃபெங் சுய்யில் இரண்டு பெரிய பள்ளிகள் உண்டு. ஒன்று நிலத்தின் உருவத்தைப் பார்ப்பது, ஜியாங்ஷி பகுதியோடு சேர்த்துச் சொல்லப்படுவது. மற்றது லுவோபான் என்னும் திசைகாட்டித் தட்டை வைத்துக் கணக்குப் போடுவது, ஃபுஜியான் பகுதியோடு சேர்த்துச் சொல்லப்படுவது. பூங்காவில் நடக்க உருவப் பள்ளியே போதும், அதுவே நல்லதும்கூட. கணக்கோடு உள்ளே போனால் கண் கணக்கைத்தான் பார்க்கும்.

கிளம்பும் முன்

சீனத் தோட்டம்தான் வேண்டும் என்றில்லை. மரமும் பாதையும் கொஞ்சம் நீரும் உள்ள எந்தப் பூங்காவும் சரி. ஆனால் சீன மரபில் கட்டிய தோட்டம் ஒன்று எட்டும் தூரத்தில் இருந்தால் அங்கே தொடங்குங்கள். அங்கே இந்த விதிகள் தெரிந்தே கையாளப்பட்டிருக்கும், கண்ணுக்குச் சுலபமாகப் பிடிபடும். சூஜோ நகரத்துத் தோட்டங்கள் இதற்குத் தலைமை. 1997-இலும் 2000-இலும் இரண்டு தவணையாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தவை அவை. சீனாவுக்கு வெளியே வான்கூவரில் 1986-இல் திறந்த சன் யாட்-சென் தோட்டம், சிட்னியில் 1988-இல் திறந்த சீன நட்புறவுத் தோட்டம், போர்ட்லாந்தில் 2000-இல் திறந்த லான் சு தோட்டம் ஆகியவை பொதுமக்கள் போய்ப் பார்க்கக் கூடியவை.

காலையில் போங்கள். யின், யாங் என்பவை ஒன்றையொன்று நிறைவு செய்யும் இரண்டு எதிர் இயல்புகள்: யின் நிழலும் அமைதியும், யாங் ஒளியும் வேகமும். ஒளி வளரும் நேரம் யாங், தேயும் நேரம் யின் என்பது மரபு. நடைமுறையில் காலையில் கூட்டம் குறைவு, நிழல் நீளமாக விழும், மேடு பள்ளம் தெளிவாகத் தெரியும். கொஞ்சம் காற்றடிக்கிற நாள் என்றால் இன்னும் நல்லது, காற்று எங்கே நுழைகிறது, எங்கே அடங்குகிறது என்று உடம்பே சொல்லிவிடும். கையில் ஒரு சின்ன நோட்டு, பென்சில், போனில் திசைகாட்டி போதும். இரும்பு வேலி, கைப்பிடி, வண்டி இவற்றின் பக்கத்தில் திசைகாட்டி பொய் சொல்லும். நாலைந்து எட்டு தள்ளி நின்று பாருங்கள்.

முதல் படி: வாசலுக்கு வெளியே நில்லுங்கள்

வாசலை ‘சி’ நுழையும் வாய் என்பார்கள். உடனே உள்ளே போகாமல் எதிர்ப்பக்கம் நின்று பாருங்கள். ஏதாவது சாலை நேராக வாசலை நோக்கி வருகிறதா? வேகமாக நேர்கோட்டில் வந்து மோதும் ஓட்டத்துக்கு ‘ஷா’ என்று பெயர், கூர்மையான, வெட்டும் தன்மை அதற்கு. ஒரு சாலை முட்டும் இடத்தில் நின்றால் வண்டிச் சத்தம், முகப்பு விளக்கு, தூசி எல்லாம் நேராக வரும். ஷா என்பதை நம்ப வேறு சான்று தேவையில்லை.

அடுத்து, வாசல் வழியே உள்ளே எவ்வளவு தூரம் தெரிகிறது? மொத்தப் பூங்காவும் ஒரே பார்வையில் தெரிந்தால், நல்ல தோட்டக்காரர் அதைக் குறையாகத்தான் பார்ப்பார். சூஜோவின் ஜுவோஜெங் யுவான் தோட்டத்தில் நடுப்பகுதியின் பழைய வாசலைத் தாண்டியதும் மஞ்சள் கல் குன்று ஒன்று குறுக்கே நிற்கும். அதைச் சுற்றிப் போன பிறகுதான் குளம் தெரியும். அதே ஊரின் லியு யுவான் தோட்டத்தில் ஒடுங்கி, வளைந்து, அரையிருளாகப் போகும் நடை வழியைக் கடந்துதான் தோட்டம் விரியும். நுழையும் ஆற்றல் நேராகப் பாய்ந்து வெளியேறிவிடாமல் வேகம் குறைந்து சுற்றி வர வேண்டும் என்பது ஃபெங் சுய் காரணம். தெருவின் வேகம் நம் காலில் இருந்து இறங்கக் கொஞ்சம் நேரம் வேண்டும் என்பது நடப்பவரின் காரணம். உங்கள் பூங்காவில் அந்த வேலையை ஒரு பெரிய மரமோ புதரோ சிலையோ செய்துகொண்டிருக்கலாம். எது செய்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எதுவுமே இல்லையென்றால் அதையும் குறியுங்கள்.

இரண்டாம் படி: முதல் திறந்த வெளி

வாசல் தாண்டி முதன்முதலில் இடம் விரிகிற புள்ளியில் நில்லுங்கள். இதை மிங்தாங், ஒளிக்கூடம், என்பார்கள். ‘சி’ வந்து சேர்ந்து, பிறகு பிரிந்து போகும் முற்றம் இது. சுற்றிலும் ஏதோ ஒரு வரம்பு இருந்தால்தான் முற்றம், வரம்பே இல்லாவிட்டால் அது வெறும் மைதானம். ஒரு நிமிடம் கண்ணை மூடி நின்று காதால் பாருங்கள். வெளிச் சத்தம் எவ்வளவு குறைந்திருக்கிறது? காற்று எந்தக் கன்னத்தில் படுகிறது?

மூன்றாம் படி: நான்கு விலங்குகளைத் தேடுங்கள்

உருவப் பள்ளியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நல்ல இடம் ஒவ்வொன்றையும் நான்கு விலங்குகள் காக்கின்றன என்பது மரபு. பின்னால் கருப்பு ஆமை, அதாவது உயரமான, உறுதியான தாங்கல். இடப்பக்கம் பச்சை டிராகன், நீண்டு வளைந்த மேடு. வலப்பக்கம் வெள்ளைப் புலி, டிராகனைவிடத் தாழ்ந்த மேடு. முன்னால் சிவப்புப் பறவை, திறந்த வெளி, அதன் கடைசியில் ஒரு தாழ்ந்த எல்லை. இட வலம் எல்லாம் அந்த இடத்தில் உட்கார்ந்து முன்னால் பார்ப்பவருக்கு உரியது. சாய்மானமும் இரு கைகளும் உள்ள நாற்காலியை நினைத்துக்கொண்டால் இந்த அமைப்பு மறக்காது.

சீனாவில் ஆமை வடக்கு, பறவை தெற்கு, டிராகன் கிழக்கு, புலி மேற்கு. அதற்குக் காரணம் உண்டு. வட சீனாவில் குளிர்காலக் காற்று வடக்கிலும் வடமேற்கிலும் இருந்து வீசும், வெயில் தெற்கிலிருந்து விழும். வடக்கே மலை இருந்தால் குளிர் மறையும், தெற்கு திறந்திருந்தால் வெயில் கிடைக்கும். மலை இல்லாத இடத்தில் மலையைச் செய்தே வைத்தார்கள். பெய்ஜிங்கில் அரண்மனை நகரத்துக்கு நேர் வடக்கே இன்று பொதுப் பூங்காவாக இருக்கும் ஜிங்ஷான் குன்று, மிங் அரச மரபின் காலத்தில் (1368–1644) அகழி வெட்டிய மண்ணைக் குவித்து எழுப்பியது. கோடை அரண்மனையில் 1750-இல் சியான்லாங் பேரரசர் தொடங்கிய வேலையில் குன்மிங் ஏரியைப் பெரிதாக்கி, எடுத்த மண்ணால் வான்ஷோ குன்றை வளர்த்தார்கள். குன்று வடக்கே, ஏரி தெற்கே. ஏரி மட்டும் அந்தப் பூங்காவின் நான்கில் மூன்று பங்கு. குன்றில் ஏறிப் பாதி உயரத்தில் ஏரியைப் பார்த்து நின்றால் ஆமையும் பறவையும் என்னவென்று விளக்கமே தேவைப்படாது.

இதில் என் கருத்தை அழுத்தமாகச் சொல்லிவிடுகிறேன். ஆமை என்றால் வடக்கு என்று திசைகாட்டியைப் பிடித்துக்கொண்டு அலைய வேண்டாம். உங்கள் ஊரில் கடுங்காற்று வேறு திசையிலிருந்து வரலாம், தெற்கு அரைக்கோளத்தில் வெயில் வடக்கிலிருந்து விழும். முதுகுக்குத் தாங்கல், முகத்துக்கு வெளி. விதியின் உள்ளடக்கம் அதுதான், திசை அதன் சீன வடிவம்.

பூங்காவில் ஆமையாக ஒரு குன்று, அடர்ந்த மரவரிசை, மூங்கில் புதர், கட்டடத்தின் பின்சுவர் எதுவும் இருக்கலாம். டிராகன் பெரும்பாலும் மரங்களும் வளைந்த மண்மேடும். புலி ஒரு தாழ்ந்த வேலியாகவோ கல் வரிசையாகவோ கூட இருக்கும். ஐந்தாறு இடங்களில் நின்று நான்கையும் தேடிப் பாருங்கள். பல இடங்களில் இரண்டு கிடைக்கும், சிலவற்றில் மூன்று. நான்கும் கிடைக்கும் இடம் கிடைத்தால் நோட்டில் வட்டமிட்டு வையுங்கள், அதற்குப் பிறகு வேலை இருக்கிறது.

நான்காம் படி: பாதையில் நடப்பது

ஒரே பாதையை இரண்டு தடவை நடங்கள். போகும்போது வழக்கமான வேகம். திரும்பும்போது கால் எங்கே தானாக வேகம் குறைக்கிறது, எங்கே எட்டிப் போட்டு நடக்கிறது என்று கவனித்து நடங்கள். நீண்ட நேர்பாதையில் கால் எட்டிப் போடும், ஏனென்றால் முடிவு முன்பே தெரிந்துவிட்டது. வளைவில் குறையும். ‘சி’ வளைந்து வளைந்து மெதுவாகப் போக வேண்டும் என்று சொல்வதன் பொருள் இதுதான்.

வளைந்து மடங்கும் பாலங்களைச் சீனத் தோட்டங்களில் நிறையப் பார்க்கலாம். ஷாங்காயில் 1559-இல் தொடங்கிய யு தோட்டத்துக்கு வெளியே இருக்கும் ஒன்பது மடிப்புப் பாலம் மிகவும் பெயர் பெற்றது. கெட்ட ஆவிகள் நேர்கோட்டில்தான் போகும், மடிப்பில் தடுமாறி விழும் என்பது நாட்டு நம்பிக்கை. நீங்கள் நடந்து பாருங்கள். ஒவ்வொரு மடிப்பிலும் முகம் வேறு பக்கம் திரும்பும், ஒரே குளம் ஒவ்வொரு முறையும் வேறு குளமாகத் தெரியும்.

அதற்காக நேர்பாதை எல்லாம் கெட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். இரு பக்கமும் கிளைகள் கவிந்த, முடிவில் நீரூற்றோ வட்டத் திடலோ உள்ள நேர்பாதையில் ஓட்டம் முட்டாமல் சுழன்று அடங்குகிறது. முடிவில் வெறும் சுவரோ, உங்களை நோக்கிய கட்டட மூலையோ இருந்தால்தான் பிரச்சினை.

ஐந்தாம் படி: நீருக்கு அதிக நேரம் கொடுங்கள்

அவசரம் இருந்தால் மற்ற படிகளைச் சுருக்குங்கள், இதைச் சுருக்காதீர்கள். முதலில் நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று தேடுங்கள். நீர் வருவது தெரிய வேண்டும், போவது மறைய வேண்டும் என்பது மரபான ஆசை, ஏனென்றால் போவது தெரிந்தால் சேர்ந்ததும் போய்விட்டது போலத் தோன்றும். சூஜோவின் வாங்ஷி யுவான் மொத்தமே சுமார் அரை ஹெக்டேர்தான். அதன் குளத்தின் மூலையில் நீர் ஒரு குறுகிய ஓடையாக ஒதுங்குகிறது, அதன் மேல் மூன்று எட்டில் கடந்துவிடும் ஒரு குட்டிக் கல் பாலம். பாலத்துக்கு அப்பால் நீர் எங்கோ தொடர்ந்து போகிறது என்றே கண் நம்பும். அதனால் குளம் பெரிதாகிவிடுகிறது.

அடுத்து வளைவைப் பாருங்கள். ஓடை வளையும் இடத்தில் உள்வளைவுக் கரையை நீர் அணைக்கிறது, அது நல்ல பக்கம், இடுப்பில் கட்டிய கச்சை என்பார்கள். வெளிவளைவு எதிர்த்து நிற்கும் வில், அது தவிர்க்க வேண்டிய பக்கம். ஆற்றைத் தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை: வெளிக்கரையை வேகமான நீர் அரிக்கும், உள்கரையில் வண்டல் சேரும். ஒரு கரையில் நின்ற பிறகு மறு கரைக்கும் போய் நின்று பாருங்கள். உள்வளைவில் நின்றால் நீர் உங்களைச் சுற்றி வருவது போல இருக்கும், வெளிவளைவில் நின்றால் உங்களை நோக்கி வந்து விலகிப் போவது போல இருக்கும்.

பிறகு நீரின் நிலை. தெளிந்து மெதுவாக அசையும் நீர் நல்லது. நாற்றமடிக்கிற, பாசி மூடிய தேங்கல் எவ்வளவு அழகான கட்டுக்குள் இருந்தாலும் கெட்டது. சத்தமும் முக்கியம். சலசலப்பு அமைதிப்படுத்தும், பெரிய நீரூற்றின் இரைச்சல் பக்கத்தில் பேசவிடாது, அது யாங் மிகுதி.

நீரின் திசையைப் பற்றியும் மரபு உண்டு. 11-ஆம் நூற்றாண்டு ஜப்பானியத் தோட்டக் கையேடு ஒன்று, ஓடை கிழக்கில் தொடங்கிக் கட்டடத்தின் கீழாகச் சென்று தென்மேற்கில் வெளியேற வேண்டும் என்கிறது. பச்சை டிராகனின் நீர் தீமையைக் கழுவி வெள்ளைப் புலியின் பக்கம் கொண்டுபோகும் என்பது கணக்கு. ஜப்பானியத் தோட்டம் ஒன்றில் இருந்தால் இதைத் திசைகாட்டியோடு சரிபார்த்துப் பாருங்கள், நல்ல பயிற்சி.

ஆறாம் படி: கல், நிழல், யின் யாங்

நீர் யின், கல் யாங். ஆனால் கல்லிலும் யின் உண்டு. தாய்ஹு ஏரிக் கற்களுக்குச் சீனர்கள் நான்கு குணங்கள் கேட்டார்கள்: மெலிவு, சுருக்கம், நீர் கசியும் துளை, ஒளி புகும் துளை. கெட்டியான பொருளில் வெறுமை வேண்டும் என்பதே அதன் உட்பொருள். லியு யுவானில் நிற்கும் ‘மேகம் சூடிய சிகரம்’ என்னும் கல் சுமார் 6.5 மீட்டர் உயரம், இருந்தும் பாரமாகத் தெரியாது. அதே ஊரில் 1342-இல் ஒரு பௌத்த மடமாகத் தொடங்கிய சிங்கத் தோட்டம் குகையும் படியுமாகக் கல்லாலேயே ஆன புதிர்வழி. எனக்கு அங்கே யாங் கொஞ்சம் அதிகம் என்றே படுகிறது, ஆனால் பிள்ளைகள் அங்கிருந்து நகரவே மாட்டார்கள்.

உங்கள் பூங்காவில் செய்ய வேண்டியது: வெயிலிலிருந்து நிழலுக்குப் போகும் எல்லைக் கோட்டைக் கண்டுபிடித்து அதன் மேல் நில்லுங்கள். ஒரு தோளில் வெயில், மறு தோளில் நிழல். கரடுமுரடான கல்லுக்குப் பக்கத்தில் மெல்லிய இலை, ஒடுங்கிய பாதைக்கு அப்புறம் அகன்ற புல்வெளி, சத்தத்துக்குப் பக்கத்தில் அமைதி என்று இப்படிப்பட்ட எல்லைகளை எண்ணுங்கள். நிறைய இருந்தால் அந்தப் பூங்கா உயிரோடு இருக்கிறது.

ஏழாம் படி: ஐந்து கூறுகள்

இதைச் சுருக்கமாகவே வைத்துக்கொள்ளலாம். மரம், நெருப்பு, மண், உலோகம், நீர். நிறத்தைவிட வடிவத்தைப் பாருங்கள். நெடிதாக நிமிர்ந்தது மரம், கூர்முனை நெருப்பு, தட்டையும் சதுரமும் மண், வட்டமும் குவிமாடமும் உலோகம், அலை வடிவம் நீர். நீர் மரத்தை வளர்க்கும், மரம் நெருப்பை, நெருப்பு மண்ணை, மண் உலோகத்தை, உலோகம் மீண்டும் நீரை. ஒரு மூலையில் ஒரே கூறு குவிந்திருந்தால் சலிப்பு தட்டும், அடுத்தடுத்த இரண்டு மூன்று கூறுகள் சேர்ந்திருந்தால் கண் தங்கும்.

இங்கே பலர் பாகுவா வரைபடத்தை, அதாவது வாழ்க்கையின் துறைகளை இடத்தின் பகுதிகளோடு பொருத்தும் எண்பிரிவுப் படத்தை, பூங்கா மேல் வைத்து, செல்வ மூலை எது, திருமண மூலை எது என்று தேடுவார்கள். அதை விட்டுவிடச் சொல்வேன். வாசலை அடிப்படையாக வைத்து அந்த வரைபடத்தைப் பொருத்தும் முறை, 1980-களில் அமெரிக்காவில் லின் யுன் என்னும் ஆசிரியர் பரப்பிய புதிய ஃபெங் சுய் பிரிவோடு சேர்ந்து பிரபலமானது. அது வீட்டுக்கும் அறைக்கும் உரிய முறை, நிலத்தைப் படிக்க உதவாது.

எட்டாம் படி: உங்கள் இடத்தில் உட்காருவது

இப்போது நோட்டில் வட்டமிட்ட இடத்துக்குத் திரும்புங்கள். நான்கு சோதனைகள். முதுகுக்குப் பின்னால் யாரும் நடக்க முடியாத தாங்கல் இருக்கிறதா? வருகிற பாதை கண்ணுக்குத் தெரிகிறதா, அதே நேரம் நேராக உங்கள் மேல் முட்டாமல் இருக்கிறதா? எதிரே வெளி விரிகிறதா? காற்று வருகிறதா, அடிக்காமல்? நான்குக்கும் ஆம் என்றால் உட்காருங்கள். கால் மணி நேரமாவது போனை எடுக்காமல் இருங்கள். முதல் சில நிமிடம் மனம் அலையும், அதற்குப் பிறகுதான் இடம் பேச ஆரம்பிக்கும்.

பிரிட்டிஷ் புவியியலாளர் ஜே ஆப்பிள்டன் 1975-இல் முன்வைத்த கோட்பாடும் இதே இடத்துக்கு வந்து சேர்கிறது: தான் மறைந்திருந்து தொலைவைப் பார்க்க முடிகிற நிலம்தான் மனிதருக்குப் பிடிக்கிறது என்றார் அவர். சீன நிலம் பார்ப்பவர்களைப் படித்துத்தான் அப்படிச் சொன்னார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஆமையும் பறவையும் அவர் சொன்னதில் தெளிவாகத் தெரிகின்றன.

உட்கார்ந்த இடத்திலிருந்து பூங்காவின் எல்லையைத் தாண்டியும் பாருங்கள். மதிலுக்கு வெளியே இருக்கும் மலை, கோபுரம், மேகம் ஆகியவற்றைத் தோட்டத்தின் பகுதியாக்கிக்கொள்வதை இரவல் காட்சி என்பார்கள். மிங் காலத்தின் கடைசியில் தோட்டக் கலைஞர் ஜி செங் இதை மிக உயர்வாகப் பேசினார். ஜுவோஜெங் யுவானில் குளத்துக்கு மேலே தெரியும் வடக்குக் கோயில் கோபுரம் அந்தத் தோட்டத்துக்குள் இல்லை, ஊரில் தள்ளி நிற்கிறது. ஆனால் பார்ப்பவருக்குக் குளக்கரையில் நிற்பது போலவே இருக்கும். உங்கள் பூங்கா எதை இரவல் வாங்கியிருக்கிறது? மரங்களுக்கு மேலே வரும் ஒரு விளம்பரப் பலகையும் இரவல்தான், அப்போது இரண்டடி நகர்ந்து உட்கார்ந்தால் ஒரு கிளை அதை மறைக்கிறதா என்று பாருங்கள்.

பூங்கா தட்டையாக, நீரே இல்லாமல் இருந்தால்

பல நகரப் பூங்காக்கள் இப்படித்தான் இருக்கின்றன, அதனால் நடையைக் கைவிட வேண்டியதில்லை. சமவெளியில் ஓர் அங்குலம் உயர்ந்தாலும் மலை, ஓர் அங்குலம் தாழ்ந்தாலும் நீர் என்று மரபே இதற்கு வழி சொல்லியிருக்கிறது. மழை பெய்து ஓய்ந்ததும் போய்ப் பாருங்கள், நீர் எந்த வழியில் ஓடி எங்கே தேங்குகிறது என்பது அப்போது தெரியும். நிலத்தின் உண்மையான நீர்க்கோடு அது. மற்ற நாட்களில் பாதையையே ஓடையாக எடுத்துக்கொள்ளலாம், மக்கள் ஓட்டம்தான் நீரோட்டம். பாதையின் உள்வளைவில் ஒரு தடித்த மரத்துக்கு முன்னால் இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள், பிறகு வெளிவளைவில் இருப்பதில்.

ஒரு இடத்தைப் பற்றி ஒரே நடையில் தீர்ப்பு எழுத வேண்டாம். இலை உதிரும் மரம் ஆமையாக இருந்தால் உதிர்ந்த பருவத்தில் முதுகு திறந்துவிடும். காற்றின் திசை மாறினால் டிராகனும் புலியும் இடம் மாறும். எனவே அதே நோட்டோடு அடுத்த பருவத்தில் ஒருமுறை, மாலை வெளிச்சத்தில் ஒருமுறை போய், வட்டமிட்ட இடங்களை மட்டும் திரும்பச் சோதியுங்கள். எல்லாச் சோதனையிலும் நிற்கும் இடத்தை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, எந்தப் பருவத்தில் எந்த நேரம் அங்கே உட்காரலாம் என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.